ஏதென்ஸ் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சலாமிஸ் கடற்போர்க் கட்டுரையைப் படித்தேன். கி.மு. 480-இல் பாரசீகக் கப்பல்களை ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் ஒடுங்கிய நீரிணைக்குள் இழுத்துவந்த விதத்தைக் கட்டுரையாளர் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் ஓரிடத்தில், சங்கிலியில் பூட்டிய அடிமைகள் சாட்டைக்குப் பயந்து முரசுத் தாளத்துக்குத் துடுப்பு வலித்ததாக வருகிறது. பக்கத்திலேயே அதற்கு ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். போரை வென்றவர்கள் யார் என்பதையே இந்த ஒரு வரி மாற்றிவிடுகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ட்ரைரீம் என்ற அந்தப் போர்க்கப்பலில் துடுப்பு வலிப்பவர்கள் மட்டும் 170 பேர். மேல் வரிசையில் 62, நடுவில் 54, அடியில் 54. ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். படைவீரர் 10 பேர், வில்லாளர் 4 பேர், சுக்கான் பிடிப்பவர், பாய் பார்ப்பவர்கள் எல்லாரையும் சேர்த்தால் கப்பலுக்கு 200 பேர் வரும். அடி வரிசைக்காரரின் துடுப்புத் துளை கடல்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருந்தது. அதன் வழியே தண்ணீர் ஏறாமல் இருக்கத் துடுப்பைச் சுற்றித் தோலுறை கட்டினார்கள். அடியிலும் நடுவிலும் உட்கார்ந்தவர்களுக்குத் தம் துடுப்பின் முனை கண்ணில் படாது. மேல் வரிசையில் இருப்பவர் தன்னுடையதையும் கீழே உள்ள இரண்டையும் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஒருவர் அரை நொடி பிந்தினாலும் அவருடைய துடுப்பு அடுத்தவருடையதில் மோதும். பிறகு அந்தப் பக்கமே குழம்பிப்போகும். சாட்டையால் அடித்து வலிமையைப் பிடுங்கலாம். இந்த ஒத்திசைவைப் பிடுங்க முடியாது.

முரசு அடித்ததற்கும் ஆதாரம் இல்லை. கட்டளையாளர் ஒருவர் குரல் கொடுத்தார். ஆவ்லோஸ் என்ற இரட்டைக் குழல் ஊதுபவர் ஒருவர் தாளம் கொடுத்தார். இந்தக் குரல் காதில் விழுவது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கி.மு. 429-இல் கிரேக்கத்தின் கொரிந்து வளைகுடா வாயிலுக்கு வெளியே நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. ஏதென்ஸ் தளபதி போர்மியோவிடம் 20 கப்பல்கள். எதிரே ஸ்பார்ட்டாவின் அணியான பெலோபொனீசியரிடம் 47. அவர்கள் முகப்பு வெளியே பார்க்க வட்டமாக நின்றுகொண்டார்கள். போர்மியோவின் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களை உரசுவதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து வட்டத்தைச் சுருக்கின. முட்டவில்லை. விடியலில் வளைகுடாவிலிருந்து காற்று எழும் என்று அவருக்குத் தெரியும், அதற்காகக் காத்திருந்தார். காற்று எழுந்தது. நெருங்கி நின்ற கப்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கழிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு, அந்தக் கூச்சலில் கட்டளைக்குரல் யாருக்கும் கேட்கவில்லை. பழக்கம் போதாதவர்கள், அலையடிக்கும் நீரிலிருந்து துடுப்பைத் தூக்கவே திணறினார்கள். சுக்கான் பிடித்தவர் திருப்பியும் கப்பல் திரும்பவில்லை. அந்த நொடியில்தான் போர்மியோ பாய்ந்தார்; 12 கப்பல்களைப் பிடித்தார். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதையெல்லாம் வரிவரியாக எழுதிவைத்திருக்கிறார்.

இந்தப் பயிற்சி சும்மா வரவில்லை. ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தில் ஆண்டுதோறும் 60 கப்பல்கள் எட்டு மாதம் கடலில் இருந்தன, குடிமக்கள் கூலி வாங்கிக்கொண்டு தொழில் பழகினார்கள் என்கிறார் பழங்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க்.

கூலிக் கணக்கையும் பாருங்கள். ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பின்போது ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா, அதாவது 6 ஓபோல் காசு. 200 பேருக்கு 30 நாளைக்கு 6,000 டிராக்மா, அதாவது சரியாக ஒரு டாலெண்ட். ஒரு கப்பலை ஒரு மாதம் ஓட்டுவதற்கு இவ்வளவு. ஸ்பார்ட்டாவுடன் நடந்த போரின் கடைசிக் கட்டத்தில் கூலி அதில் பாதியாக, 3 ஓபோலாகக் குறைந்தது. கி.மு. 407-இல் ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டர், பாரசீக இளவரசர் சைரஸுடன் விருந்தில் இருந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று சைரஸ் கேட்க, கப்பலாட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓபோல் கூட்டிக்கொடுங்கள் என்றார் லைசாண்டர். 3 ஓபோல் 4 ஆயிற்று; ஏதென்ஸ்காரர்கள் சோர்ந்துபோனார்கள். ஒரு ஓபோலுக்காக ஆள் கப்பல் மாறிப் போகலாம் என்றால், அந்த ஆளின் காலில் சங்கிலி இல்லை என்றுதானே பொருள்?

சலாமிஸில் ஏதென்ஸ் கப்பல்கள் 180. துடுப்புக்கு மட்டும் 30,600 பேர் வேண்டும். ஏதென்ஸின் குடிமக்கள் 30,000 பேர் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஓரிடத்தில் சொல்கிறார். அப்படியானால் ஊரே கப்பலில் ஏறியிருக்கிறது. நிலபுலன் இல்லாத தேட்டீஸ் வகுப்பார், கேடயம் வாங்க வசதியில்லாதவர்கள், இந்தக் கடற்படையின் முதுகெலும்பு ஆனார்கள். மக்களாட்சியை வெறுத்த ஓர் ஏதென்ஸ்காரர்கூட, நகரத்துக்கு வலிமை தருபவர்கள் கப்பலை ஓட்டுபவர்கள், அதனால் ஏழைகளுக்கு அங்கே அதிகப் பங்கு கிடைப்பது நியாயமே என்று எழுதினார். பேரவையில் கை உயர்த்திய ஏழையின் துணிச்சலை விளக்க இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடிமைகளே துடுப்பு தொடவில்லை என்று நான் சொல்லவில்லை. குடியுரிமை இல்லாத வெளியூர்க்காரர்கள் கூலிக்கு வலித்தார்கள். எசமானரோடு வந்த அடிமைகளும் வலித்தார்கள். கி.மு. 433-இல் கோர்சைரா என்ற கிரேக்கத் தீவின் கப்பல்களில் பிடிபட்டவர்களில் 800 பேர் அடிமைகள். கி.மு. 406-இல் ஆர்கினூசே போருக்கு ஆள் போதாமல் ஏதென்ஸ் அடிமைகளை ஏற்றியபோது, அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. ஏதென்ஸின் அடிமைத்தனம் எங்கே கொடூரமாக இருந்தது என்று எழுத வேண்டுமானால் லாரியன் வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றி எழுதுங்கள். ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸ் அங்கே 1,000 அடிமைகளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபோல் வாடகைக்கு விட்டிருந்தார். சலாமிஸுக்கு முன் கப்பல்கள் கட்டிய பணமும் அந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். குடிமகனுக்குத் தலைக்கு 10 டிராக்மா பங்கிட இருந்த வெள்ளியைத் தெமிஸ்டோக்ளிஸ் கப்பலுக்குத் திருப்பினார். இந்தப் பக்கம் உங்கள் கட்டுரையில் இல்லாதது பெரிய குறை.

சங்கிலிக்கு எதிரான இன்னொரு சான்று கரையில் இருக்கிறது. இந்தக் கப்பலில் சமைக்கவோ படுக்கவோ இடமில்லை. 1987-இல் கிரேக்கத்தில் ஒலிம்பியாஸ் என்ற பெயரில் இதே அளவில் ஒரு கப்பலைக் கட்டி ஓட்டிப் பார்த்தபோது, வெயிலில் வலிப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. ஆகவே ஆட்கள் அடிக்கடி கரை இறங்கியாக வேண்டும். மரமும் லேசானது, நீர் ஊறினால் கனத்து வேகம் போய்விடும், கப்பல் புழு துளைத்துவிடும். இழுத்துக் காயவைக்க முடியாமல் கப்பல்கள் ஊறிப்போயின என்று சிசிலியிலிருந்து நிக்கியாஸ் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. கி.மு. 425-இல் ஸ்பாக்டீரியாத் தீவில் அடி வரிசைக்காரர்களை மட்டும் கப்பலில் விட்டுவிட்டு மற்றத் துடுப்பாட்கள் இறங்கிச் சண்டை போட்டார்கள். பூட்டிவைத்த ஆட்களிடம் ஆயுதம் கொடுத்து யாரும் கரையில் இறக்குவார்களா?

நீங்கள் போட்ட படம் 16, 17-ஆம் நூற்றாண்டு மத்தியதரைக்கடலில் ஓடிய 'கேலி' (galley) என்ற துடுப்புக் கப்பல்களுடையது. ஒரே நீண்ட துடுப்பைப் பலர் சேர்ந்து இழுக்கும் கப்பல் அது. அதில் கைதிகளைச் சங்கிலியில் பூட்டியது உண்மை. 2,000 ஆண்டு இடைவெளியை ஒரு படம் விழுங்கிவிட்டது.

திருத்தம் வெளியிடும்போது அந்தப் படத்துக்குப் பதிலாக, 1852-இல் ஏதென்ஸின் ஆக்ரோபொலிஸ் குன்றில் கிடைத்த லெனார்மன் புடைப்புச் சிற்பத்தைப் போடுங்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. ஆக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்த துண்டுதான். ஆனால் மேல் வரிசை ஆட்கள் உடலை முன்னே நீட்டித் துடுப்பைப் பிடித்திருப்பதும், அவர்களுக்குக் கீழே மற்ற இரண்டு வரிசைத் துடுப்புகள் சரிந்து நீரில் இறங்குவதும் அதில் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்