ஷாங்காயில் ஆடிய அண்ணன் தம்பி

கண்ணா,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச நேரமில்லை என்கிறாய், அதனால்தான் கடிதம். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

ஷாங்காய் மாஸ்டர்ஸ் இறுதி ஆட்டத்தைப் பார்த்திருப்பாய். டென்னிஸ் பார்க்கும் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்ததே நீதானே. வாலன்டின் வாஷரோ, தரவரிசையில் 204. தகுதிச்சுற்றில்கூட முதலில் இடமில்லையாம், மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் இருந்தவன். அவன் போய் அரையிறுதியில் ஜோகோவிச்சை 6-3, 6-4 என்று வீட்டுக்கு அனுப்பினான். மாஸ்டர்ஸ் 1000 என்கிற இந்தப் பெரிய போட்டிகளின் பட்டத்தை இவ்வளவு பின்னாலிருந்து வந்து யாரும் வென்றதில்லை. அப்பா சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

நான் என்னவோ இறுதி ஆட்டம் முழுக்க எதிர்ப்பக்கம் நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்தர் ரிண்டர்க்னெக், வாஷரோவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், மூன்று வயது மூத்தவன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதலில் ஆடியவன் அவன். தம்பி பின்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தான். தரவரிசையில் 54-ல் இருந்தவனும் அண்ணன்தான், மெத்வதேவைத் தோற்கடித்து வந்தவன். முதல் செட்டை 6-4 என்று எடுத்தான். அப்புறம் 6-3, 6-3 தம்பிக்கு. முப்பது வயதாகிறது, அவனுக்கும் அதுவரை பெரிய பட்டம் எதுவும் கிடையாது. அந்த வயிற்றெரிச்சல் யாருக்குத்தான் இருக்காது? இருந்தும் வலைக்கருகே போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டான்.

நம் சித்தி மகன் சின்னவனுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. நீ சேர்ந்த காலேஜில்தான் சேருவேன் என்று அடம்பிடித்தானே, சித்தி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை! ஆனால் தீபாவளிக்கு அவன் வந்திருந்தபோது நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நான்தான் சொல்லிச் சமாளித்தேன். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்த வேலை விஷயத்தை நான் கிளறவில்லை. உனக்கும் வரும். வராமல் எங்கே போகும்? தோள்வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா? ராத்திரி நேரத்தோடு சாப்பிடு.

சின்னவன் அடுத்த வாரம் புது ஊருக்குப் போகிறான். வாடகை வீடு பார்ப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் "அண்ணனைக் கேட்கணும்" என்கிறானாம். உன் எண்ணுக்கு அடித்து அடித்துப் பார்த்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. எனக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்குப் போடு.

அம்மா