வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயில் தேர்த்திருவிழா இசை நிகழ்ச்சி பற்றிய செய்தியைப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். பாடியவர்கள், அறிவிப்பாளர், அனுசரணை வழங்கியவர்கள், பொன்னாடை போர்த்தியவர் என்று எல்லோர் பெயரும் இருந்தது. மூன்று மணித்தியாலம் மேடையில் நின்று வாசித்த எட்டுப் பேருக்கும் சேர்த்து "பக்கவாத்தியக் கலைஞர்கள்" என்ற ஒரு சொல்தான். அதில் பேஸ் கிட்டார், அதாவது அடியில் நின்று பாட்டைத் தாங்கும் தாழ்ந்த சுரக் கிட்டார், வாசித்தவன் நான். முப்பத்தொரு வருடமாக வாசிக்கிறேன்.

எனக்காக மட்டும் இதை எழுதவில்லை. இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்த பெரியவர்களுக்கே இதுதான் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் இருந்த மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியின் பாட்டுகள் 1960களில் உலகமெல்லாம் ஓடின. அவற்றில் எத்தனையோ பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இருக்காது. 1971இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் அது அச்சில் ஏறியது. வலது கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசிப்பார். அந்த விரலுக்கு 'ஹூக்' என்று பட்டப்பெயர். நம் பேச்சில் கொக்கி. அறுந்தால் ஒழிய தந்தியை மாற்றமாட்டார். அந்தப் பாட்டை ஒரு விரலால் வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது சரணம் வருமுன் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைந்து, அவர் திரும்பி வருவதற்குள் வழிவிட்டு நிற்கிறார் ஜேமர்சன். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1983இல், 47 வயதில் போய்ச் சேர்ந்தார்.

என் அப்பா கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காரர். காமன் கூத்து வந்தால் கேள்வியும் பதிலுமாக லாவணி பாடுவார். கொழும்பில் கடையில் வேலை செய்த மாமா ஒரு தீபாவளிக்கு அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கசெட்டைக் கொண்டுவந்தார். 1959இல் பதிவான இசை. முதல் உருப்படியான 'சோ வாட்'டில் டபுள் பேஸ்தான், ஆளுயர வயலின் போன்ற பேஸ் வாத்தியம்தான், பேச்சை எடுக்கும். அது ஒரு வரி சொல்ல, மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். படுத்திருந்த அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார். "இது லாவணிடா. கேள்வி போடுறது யாரு?" என்றார். பால் சேம்பர்ஸ் என்றேன். அந்த உருப்படி பதிவானபோது அவருக்கு 23 வயது என்றும் சொன்னேன். அப்பா அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆங்கிலம் அறியாத, ஜாஸ் என்ற சொல்லையே கேட்டிராத மனிதர் முதலில் கேட்டது வாசித்தவர் பெயரைத்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவின் பேஸ் கலைஞர் யூஜின் ரைட் 1958 சுற்றுப்பயணத்தில் நம் இலங்கைக்கே வந்தவர். அந்தக் குழுவின் 'டேக் ஃபைவ்' உருப்படி என்றால் சாக்ஸபோனைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஐந்தடித் தாளத்தை, நம் கண்ட நடையை, பியானோவோடு சேர்ந்து அசையாமல் தாங்கி நிற்பவர் ரைட். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக அமெரிக்கத் தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் சில வேறு ஆளைக் கொண்டுவரச் சொன்னபோது, அந்தக் கச்சேரிகளே வேண்டாம் என்றார் புரூபெக்.

இப்போது எங்கள் பக்கத்தில் கீபோர்டின் இடது கையிலேயே பேஸை முடித்துவிடுகிறார்கள். பழக வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். யார் வாசித்தது என்று எங்கேயும் எழுதாத வாத்தியத்துக்கு எந்தப் பையன் ஆசைப்படுவான்?

அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் நிகழ்ச்சி இருக்கிறது. உங்கள் நிருபர் வந்தால் தயவுசெய்து மேடைக்குப் பின்பக்கமும் வரட்டும். ட்ரம்ஸ், தபேலா, லீட் கிட்டார், கீபோர்ட் என்று எட்டுப் பேரின் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவர்,
தலவாக்கலை.