குவாண்டம் வன்னிக்கு எதற்கு என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், அணுவும் இலத்திரனும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் குவாண்டம் பௌதிகத்தின் எதிர்காலப் பயன்கள் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் வாசித்தேன். நன்றாகவும் இருந்தது. ஆனால் கடைசிப் பந்தியில், இதெல்லாம் பெருநகரங்களுக்கும் வங்கிகளுக்கும் உரியது, வன்னியில் வயல் செய்கிறவருக்கு இதில் ஒன்றுமில்லை என்ற மாதிரி ஒரு வரி. அந்த வரி இல்லாமலே கட்டுரை முடிந்திருக்கும். நீங்கள் அறியாதது ஒன்றையும் நான் சொல்லப்போவதில்லை, ஆனாலும் பேசாமல் இருக்க மனம் விடவில்லை.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். அந்தப் பெட்டிக்குள் சமிக்ஞையைப் பெருக்கித் தந்த சிறு உறுப்பான திரான்சிற்றர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. திண்மங்களுக்குள் இலத்திரன் எப்படி நடந்துகொள்ளும் என்று குவாண்டம் கொள்கை சொல்லித் தந்திராவிட்டால் அது வந்திருக்காது. இன்றைக்குக் கிணற்றடியில் சோலர் பம்ப், வீட்டில் எல்இடி பல்பு, போனில் ஜிபிஎஸ், அந்த ஜிபிஎஸ்ஸுக்கு நேரம் சொல்லச் செய்மதியில் அணுக்கடிகாரம். எல்லாவற்றுக்குள்ளும் அதே கொள்கைதான். எங்கள் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டதைக் காட்டி உங்களுக்கு எதற்கு என்று கேட்டால் நோகாதா?

கட்டுரையாளர், குவாண்டம் விதிகளைக் கொண்டே கணக்குப் பார்க்கும் குவாண்டம் கணினியோடு நின்றுவிட்டார். சரி, அதுவும் பெரிய விஷயம்தான். 1994இல் கணித அறிஞர் பீற்றர் ஷோர் அந்தக் கணினிக்கென்று கண்ட வழிமுறையால், வங்கிகள் தகவலை மறைக்கப் பாவிக்கும் இன்றைய இரகசியக் குறியீடுகள் ஒருநாள் உடையக்கூடும், அதனால்தான் அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஓகஸ்டில் புதிய குறியீட்டுத் தரங்களை வெளியிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் காசுக்காக வங்கிக்குப் போகும் எங்கள் தாய்மாருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது, அணுக்களைக் கொண்டு மிகச் சிறு மாற்றத்தையும் அளக்கும் உணரிகள். அவற்றைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

என்னிடம் கணிதப் பிரிவில் படித்த பிள்ளை ஒருத்தி முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனவள். உலோகம் காட்டும் கருவி கத்தினால் முழங்காலில் இருந்து, முகத்தடுப்பைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் போகவேண்டும். அநேகமாக வெளியே வருவது துருப்பிடித்த ஷெல் துண்டு, ஆணி, சன்னக் கோது. அதற்கும் அதே கவனம், அதே பயம். “இரும்பை விட்டிட்டு மருந்தை மட்டும் காட்டுற மிசின் இல்லையோ சேர்?” என்று என்னைக் கேட்டாள். வழி இருக்கிறது. வெடிமருந்தில் உள்ள நைதரசன் அணுக்கருக்கள் தமக்கே உரிய அதிர்வெண்ணில் றேடியோ அலை பட்டால் பதில் சமிக்ஞை தரும், மருந்துக்கு மருந்து அந்த அதிர்வெண் வேறு, ஆணி அதைத் தராது. மிதிவெடிகளில் இருக்கும் டிஎன்டி என்ற வெடிமருந்தின் சமிக்ஞை மிக மெலிது, சுற்றியுள்ள இரைச்சலில் அமுங்கிப்போகும் என்பதுதான் சிக்கல். அதைப் பிடிக்கப் பொற்றாசியம், ருபீடியம் ஆவியில் உள்ள அணுக்களையே காந்தப்புலம் அளக்கும் காந்தமானியாக்கி ஆய்வுகூடங்களில் சோதித்திருக்கிறார்கள். நாளைக்கே முகமாலைக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குவாண்டம் யாருக்கு வேண்டும் என்று எழுதுகிறவர் அந்தப் பிள்ளையை ஒருதரம் பார்த்திருக்கவேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் குளிரவைத்த அணுக்களை விழவிட்டு ஈர்ப்பின் சிறு மாற்றத்தை அளந்து, நிலத்துக்கடியில் இருந்த சுரங்கப்பாதை ஒன்றைக் கண்டதாக 2022இல் அறிவித்தார்கள். நிலத்தடி நீர் பார்க்கவும் இந்த முறை உதவும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் குழாய்க்கிணறு அடித்து, கல்லில் முட்டித் தண்ணீர் காணாமல் நின்றவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியபோது என் வயலும் மஞ்சளித்துத்தான் நின்றது. யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவைத் தொழிற்சாலையில் 400 பாகை செல்சியஸ் அளவில், பெரும் அமுக்கத்தில் செய்கிறார்கள். உழுந்து, பயற்றின் வேர்முடிச்சில் இருக்கும் பற்றீரியா அதைச் சாதாரண மண் சூட்டில் செய்கிறது. அதன் நொதியத்தில் இரும்பும் மொலிப்டெனமும் சேர்ந்த சிறு கொத்தில் இலத்திரன்கள் செய்வதைக் கணிப்பது இன்றைய கணினிகளுக்குப் பெரும்பாடு. குவாண்டம் கணினிக்கு ஏற்ற வேலையாக ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி காட்டுவது இதைத்தான். அது விளங்கினால் உரம் செய்ய இலகுவான வழி பிறக்கலாம். இதைவிட வயல்காரனுக்கு என்ன வேண்டும்?

உங்கள் பத்திரிகையில் நாங்கள் வெள்ளம் வந்தால் வருகிறோம், வறுமைக்கு வருகிறோம். பொறியியல் பீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படத்தைப் போட்டுக் குடிசையில் இருந்து வந்தவள் என்று தலைப்பிட்டீர்கள். அவள் இரவிரவாகச் செய்த கணக்குகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறிவியல் பக்கம் அரைப்பக்கமாகி, அதிலும் பாதி விளம்பரமாகிவிட்டது. அதைப் பற்றி முன்பும் எழுதினேன், நீங்கள் போடவில்லை. உங்களுக்கும் இடநெருக்கடி இருந்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அரைப்பக்கத்தைப் புதன்கிழமையில் இருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஞாயிறு பத்திரிகைதான் ஒழுங்காக வருகிறது. பிள்ளைகள் அதை வெட்டிப் பாடசாலைச் சுவரில் ஒட்டுகிறார்கள். வரைபடங்களையும் எழுத்துத் தெரியும் அளவில் அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி மாவட்டம்.