அந்தத் தாளின் பின்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியுரிமை பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். "மறைக்க ஒன்றும் இல்லாதவருக்குப் பயம் எதற்கு?" என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இன்னும் என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று அங்கிருந்தவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் யாரோ ஒரு பெண்ணின் விண்ணப்ப நகல். புகைப்படம், வீட்டு முகவரி, செல்பேசி எண், கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. எனக்குப் பதறிவிட்டது. உடனே உள்ளே போய் நீட்டினேன். "அது வேஸ்ட் பேப்பர்தாங்க, வச்சுக்குங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர். ஆனால் அந்தப் பெண் அரசை நம்பி எழுதிக் கொடுத்தது அது. அவருக்கும் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது. அதற்காக முன்பின் தெரியாத என் கையில் அதைக் கொடுத்திருப்பாரா? அவர் அந்தத் தாளை எடுத்த காகிதக் கட்டுக்குள் இன்னும் நிறையத் தாள்கள் இருந்தன. என் விண்ணப்பமும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

இது கவனக்குறைவு. சொன்ன சொல் மாறுவது இதைவிடப் பெரிய விஷயம். கொரோனா காலத்தில் சிங்கப்பூர் அரசு, யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்று குறித்துவைக்கும் டிரேஸ்டுகெதர் செயலியைக் கொண்டுவந்தபோது, தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்றது. குற்ற விசாரணைக்காகப் போலீசும் அந்தத் தகவல்களைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். சரி, வரம்பு வைத்தது நல்லதுதான். ஆனால் முதலில் சொன்னதை அப்படியே நம்பியவர்களுக்கு வலிக்காதா? அடுத்த நோய் வரும்போது அவர்களிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஐரோப்பிய நாடான எஸ்தோனியாவில் ஒருவர் அரசு இணையதளத்துக்குள் போய், மக்கள்தொகைப் பதிவேட்டில் உள்ள தன் விவரங்களை எந்தத் துறை எப்போது எடுத்துப் பார்த்தது என்று தெரிந்துகொள்ளலாம். இதைத்தான் எல்லா அரசுகளிடமும் கேட்க வேண்டும் என்கிறேன். என்னைப் பற்றிய கோப்பை யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்று நான் பார்க்க வழி வேண்டும். காரணமில்லாமல் திறந்தவர் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு செய்யுங்கள், கேட்கிற விவரத்தை நானே தயங்காமல் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்