சிக்னல் நன்றாகத்தான் இருந்தது

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

போன வாரம் போனில் நீ கேட்டாயே, "பிள்ளை போனது ஆண்டவர் எனக்குக் கொடுத்த தண்டனையாப்பா?" என்று, உடனே நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, மொட்டைமாடியில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். வாய்தான் வரவில்லை. அந்தக் கேள்வியை உன் தலையில் ஏற்றிவிட்டதே நான்தானே.

நீ அவரைத்தான் கட்டுவேன் என்று சொன்ன அன்றைக்கு, நடையில் நின்றுகொண்டு, "பெத்தவன் வயிறெரிஞ்சா நீ விளங்கமாட்ட" என்று கத்தினேன். ஆறாம் மாதத்தில் பிள்ளை போனபோது உன் அத்தை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஆண்டவர் கணக்கு வைக்காம விடமாட்டாரு" என்றாள். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் சொன்னது பலித்துவிட்டது என்ற நினைப்பு மனசின் ஒரு மூலையில் இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெறும் துக்கமும் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது மக்கா.

அப்புறம் 2023 டிசம்பரில் வெள்ளம் வந்தது. 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டின மழை அது. தாமிரபரணி எது, வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை, ஏரல் பாலம் உடைந்துபோனது. நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களோடு மாடியில் இருந்தோம், அவர்கள் அம்மன் கோயில் கொடைக்கு வரி வசூலிக்கிறவர்கள், அவர்கள் கொண்டுவந்த அரிசியில்தான் கஞ்சி. கீழே என் வாழை முழுக்கத் தண்ணீருக்குள். நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று சின்ன வயசிலிருந்து படித்த வசனம்தான், மாடியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது.

போனுக்கு உயிர் வந்ததும் முதலில் வந்தது வெளியூரில் இருக்கும் ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. தென்மாவட்டத்தின்மேல் தேவகோபம் இறங்கியிருக்கிறதாம், மனந்திரும்ப வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரம்! ஏம்லே, காய்ந்த தரையில் உட்கார்ந்துகொண்டு என் பாவத்தை நீ எண்ணுகிறாயா என்று டைப் பண்ணினேன். அனுப்பப்போகும்போது உன் முகம் வந்தது. அழித்துவிட்டேன்.

லூக்கா 13-ம் அதிகாரத்தைக் கோயிலில் நானே எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்கள், அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்கிறார். யாருக்கு? செத்தவர்களுக்கு இல்லை, கோபுரத்தடியில் சிக்காமல் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கும் அத்தைக்கும்.

அடுத்தாற்போலவே அந்த அத்திமரக் கதை வருகிறது. மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை, வெட்டிப்போடு என்கிறார் தோட்டத்துச் சொந்தக்காரர். இந்த ஒரு வருஷம் விடுங்கள், சுற்றிக் கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் வேலைக்காரன். வாழை போடுகிறவன் மூன்று வருஷம் பொறுப்பானா என்ன, பன்னிரண்டு மாதத்தில் குலை தள்ளாவிட்டால் நான் அரிவாளை எடுத்துவிடுவேன். என்னை மட்டும் அறுபத்தெட்டு வருஷமாக ஒருவர் கொத்திக்கொண்டிருக்கிறார்.

அதற்காக நியாயத்தீர்ப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு, நான் நம்புகிறேன், இப்போது முன்னைவிடப் பயமாகவும் நம்புகிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி ஆண்டவர் என்னைக் கூப்பிடவில்லை. வேதத்தில் யோபு பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்தபோது அவனுடைய சிநேகிதர்கள் மூன்றுபேரும் ஏழு நாள் வாய் திறக்காமல் அவன்கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டதும் அவர்கள்மேல்தான். நான் உன்கூட வந்து அந்த ஏழு நாள்கூட உட்காரவில்லையே.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர்கள், 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தார்கள். என்ன பாவம் செய்தார்களோ என்று நம் வீட்டில் யாராவது கேட்டு நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? அவர்களுக்கு வந்தால் சோதனை என்கிறோம், உனக்கு வந்ததை மட்டும் தண்டனை என்றோம்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில், இல்லை. ஏன் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினது என் பாவம். அன்றைக்கு நடையில் நின்று சொன்ன வார்த்தைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லத் தடையில்லை, உன்னிடம் இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிருக்கிறது. நீ உடனே சரி என்று சொல்லவேண்டாம், கோபம் இருந்தால் இருக்கட்டும்.

அத்தையிடமும் பேசிவிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டாள், அது போகட்டும்.

மாப்பிள்ளை நம்பர் என்னிடம் இல்லை, இத்தனை வருஷத்தில் நான் வாங்கிவைக்கவே இல்லை. அனுப்பு. அவருக்கு டூட்டி முடிய ராத்திரி பத்து மணி ஆகும் என்று அம்மா சொன்னாள். நான் முழித்திருக்கிறேன்.

அப்பா