பொம்மையைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள்

பிரசவ வார்டு பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். லேபர் வார்டிலேயே பெரும்பாலும் காலம் தள்ளி ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் நான். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

2009இல் மத்திய அரசு ‘நவஜாத் சிசு சுரக்‌ஷா காரியக்ரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பச்சிளங் குழந்தைப் பராமரிப்பு, மூச்சு வரவைக்கும் முறை என இரண்டு நாள் பயிற்சி. எனக்கும் அது கிடைத்தது. நல்ல பயிற்சி, அதில் குறையே சொல்ல மாட்டேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டும் பழக்கத்தை நான் விட்டதே அங்கேதான். சீனியர்கள் அப்படித்தான் செய்வார்கள், நாங்களும் பார்த்துச் செய்தோம்.

பயிற்சி முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டி, விடியற்காலை மூன்று மணி. பிறந்த குழந்தை ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், மூச்சில்லை. மாஸ்க் வழியாகக் குழந்தையின் நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பேகை எடுத்து அமுக்குகிறேன், நெஞ்சு எழும்பவே இல்லை. மாஸ்க் கன்னத்தோரம் புஸ்ஸென்று கசிகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்ற வேண்டும், மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பைத் தாங்க வேண்டும். பாடம் தலையில் இருந்தது, கைக்கு வரவில்லை. கூட இருந்த ஆயா அம்மா, நான் கேட்காமலே, ஒரு துண்டை மடித்துத் தோளுக்கடியில் வைத்தார். தலை சற்றே நிமிர்ந்தது. மறுபடி பிடித்து அமுக்கினேன். இந்த முறை நெஞ்சு எழும்பியது. அழுகை கேட்டபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டரை நிமிடம் ஓடியிருந்தது. துடைத்துத் தூண்டியும் மூச்சு வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் பேக் அமுக்கத் தொடங்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவள்தான் நான், பரீட்சையில் முழு மார்க்கோடு.

ஏன் கை மறந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் குழந்தையில் ஒன்றுக்குப் பிறந்ததும் ஏதாவது உதவி வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை துடைத்துத் தூண்டினாலே அழுதுவிடும். பேக் தேவைப்படுவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான். மாதம் பத்துப் பிரசவம் நடக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடத்துக்கு நாலு முதல் ஆறு குழந்தை. மூன்று நர்ஸ் மாறி மாறி டியூட்டி பார்த்தால், ஒருவர் கைக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ. வருடத்துக்கு ஒருமுறை சைக்கிள் ஓட்டினால் போதும், ஆனால் அன்றைக்கு விழவே கூடாது என்கிற மாதிரி.

தான்சானியாவில் ஹேடம் என்ற கிராமத்து மருத்துவமனையில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒருநாள் பயிற்சி கொடுத்ததும் எல்லோரும் பயிற்சிக்கான குழந்தைப் பொம்மையில் நன்றாகச் செய்தார்கள், ஆனால் லேபர் ரூமில் வேலை பழையபடியே நடந்தது. அப்புறம் 2011இல் பொம்மையை லேபர் ரூமிலேயே வைத்து, அடிக்கடி சில நிமிடம் பழக வைத்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்று இருந்தது 7.2 ஆனது. பாடம் அதேதான், பழகிய இடமும் தடவையும்தான் வேறு.

நான் வேலை பார்த்த இடங்களில் பொம்மை பீரோவுக்குள் இருந்தது. சாவி ஒருவரிடம், அவர் பகல் டியூட்டி. கேட்டால், “கிழிஞ்சு போச்சுன்னா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல யார் பேர்ல எழுதறது?” என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆடிட்டில் கேள்வி கேட்கப்படுவது அவரைத்தானே. அதனால் முதல் வேண்டுகோள்: பயிற்சிப் பொம்மையைத் தேய்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் எழுத அனுமதியுங்கள். உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தைபோல் கனக்கும் பொம்மை அது, புத்தம்புதிதாக வைத்திருக்க அல்ல.

அடுத்து, வாரம் ஒருமுறையாவது டியூட்டி மாற்றும்போது ஐந்து நிமிடம். பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர் பக்கத்திலேயே, அங்கே இருக்கிற அதே பேக், அதே மாஸ்க். “அமுக்கு, ரெண்டு, மூணு” என்று வாய்விட்டு எண்ணி, நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது முறை. வகுப்பு எடுக்க யாரும் வர வேண்டாம், பவர்பாயிண்ட் வேண்டவே வேண்டாம். ஆயா அம்மாக்களையும் சேருங்கள், துண்டு மடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கூடவே பேகையும் சோதித்துவிடலாம்: மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி அமுக்கினால் காற்று கைக்குத் தெரிய வேண்டும். கழுவிவிட்டு வால்வைத் திருப்பி மாட்டிய பேகை நானே இரண்டு தடவை கண்டுபிடித்திருக்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடும் பழக்கமும் இதில் போகும், நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும்.

இன்னொன்று. பயிற்சி பெற்ற நர்ஸை மூன்றாம் மாதமே வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வருகிறவருக்கு முதல் டியூட்டிக்கு முன்பே பொம்மையைக் கையில் கொடுங்கள்.

இதற்கெல்லாம் சுற்றறிக்கை தயாராகட்டும், நேரம் எடுக்கும். அதற்குள் ஒன்று செய்யலாம். இன்றிரவு பத்து மணிக்கு மேல் உங்கள் எல்லைக்குள் ஏதாவது ஒரு சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு, டியூட்டி நர்ஸிடம் பொம்மை எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேளுங்கள். திட்ட வேண்டாம், கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்