உவர்மலையில் சைக்கிளை நிறுத்திய அண்ணாவுக்கு

அண்ணா, பதற்றத்தில் உங்கள் பெயரைக் கூடக் கேட்கவில்லை. ஞாயிறு இரவு கரண்ட் போனதும் எங்கள் கொக்கட்டீல் கிளி பயந்து கூண்டுக்குள் அடித்துக்கொண்டது. இறக்கையெல்லாம் இரத்தம். ஓட்டோ தேடி நின்ற என்னிடம், "இது முளைக்கிற இறகு தங்கச்சி, தண்டுக்குள்ள இரத்தம் ஓடும், அதுதான் நிக்குதில்லை" என்றீர்கள். பக்கத்துக் கடையில் சோளமா வாங்கி, முறிந்த இடத்தில் வைத்து மெல்ல அழுத்தினீர்கள். நான் துவாயால் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். நெஞ்சு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு என்று என் விரல்களைத் தளர்த்தினீர்களே, அதை மறக்கவே மாட்டேன். சில நிமிடங்களில் இரத்தம் நின்றது.

மறுநாள் மிருக வைத்தியரிடமும் காட்டினோம், எலும்பு முறியவில்லை. இப்போது இரவில் கூண்டருகே சின்ன பற்றரி லைட் எரிகிறது. காலையில் கிளி விசிலடிக்கிறது. மிக்க நன்றி அண்ணா.